பதினாறாம் அட்சக்கோட்டின் இருபுறமும்

சைகோன், திங்கள்

சைகோனுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் ஏராளமானோர் அறை எடுப்பது ஃபாம் ங்கு லாவ் தெருவைச் சுற்றித்தான். அந்தத் தெருவை ஒட்டி, பென் தான் சந்தையை நோக்கி நீண்டு கிடக்கும் பூங்காவின் பெயர் ‘செப்டம்பர் 23 பூங்கா’. பழைய சைகோன் ரயில் நிலையம் இருந்த இடம் அது. விடியற்காலையில் முதியவர்கள் கைகளை வீசி உடற்பயிற்சி செய்கிறார்கள். இளைஞர்கள் வட்டமாக நின்று, இறகு செருகிய ஒரு சிறு வட்டைத் தரையில் விழவிடாமல் காலால் உதைத்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். பூங்காவின் பெயரில் இருக்கும் தேதி 1945ஆம் ஆண்டுக்குரியது. தென் வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான ஆயுதப் போராட்டம் தொடங்கிய நாளாக இந்நாட்டவர் ஆண்டுதோறும் நினைவுகூர்வது அதைத்தான்.

வியட்நாம் போர் என்றதும் நமக்கு நினைவு வருவது அமெரிக்காவும் நாபாம் குண்டும்தான். இந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்பியது அதற்கு இருபது ஆண்டுகள் முந்திய சில மாதங்களை. இரண்டாம் உலகப்போர் முடிந்து, தோற்றுப்போன ஜப்பானியரிடமிருந்து ஆயுதங்களை வாங்கிக்கொள்வதற்காக இரண்டு அந்நியப் படைகள் இந்நாட்டுக்குள் வந்தன. தெற்கே பிரிட்டனின் படை, வடக்கே சீனாவின் படை. ஆட்சியில் யார் அமர வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவற்றுக்குத் தரப்படவில்லை. ஆனாலும் அவை நடந்துகொண்ட விதம்தான் அந்தக் கேள்விக்கு விடையாயிற்று; 30 ஆண்டுப் போரின் முதல் முடிச்சும் அங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் 1940 முதல் படிப்படியாக, பிரான்ஸ் ஆண்டுவந்த இந்தோசீனாவுக்குள் (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) நுழைந்தபோதிலும், பிரெஞ்சு அதிகாரிகளை வைத்தே நிர்வாகத்தை நடத்திவந்தது. 1945 மார்ச் 9ஆம் தேதி இரவு அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு, பிரெஞ்சுப் படைகளைச் சிறைப்பிடித்தது. இரண்டு நாள் கழித்து, பேரரசர் பாவோ தாய் ஜப்பானின் நிழலில் சுதந்திரம் அறிவித்தார். ஆகஸ்ட் நடுவில் ஜப்பானும் வீழ்ந்தபோது ஆட்சி என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அந்த வெற்றிடத்தில், ஹோ சி மின் தலைமையிலான வியட் மின் விடுதலை இயக்கம் ஆகஸ்ட் 19 அன்று ஹனோயையும் 25 அன்று சைகோனையும் கைக்கொண்டது. ஆனால் ஜூலை மாதமே ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் கூடிய நேச நாடுகள், 16 பாகை வட அட்சக்கோட்டுக்குத் தெற்கே மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகமும் வடக்கே சியாங் கை ஷேக்கின் படையும் ஜப்பானியரின் சரணடைவை ஏற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தன. அந்த முடிவில் எந்த வியட்நாமியரையும் கலந்துகொள்ளவில்லை.

சைகோன், செவ்வாய்

இன்று முழுவதும் நடைதான். பேராலயத்தில் தொடங்கி, எதிரிலுள்ள மத்திய அஞ்சலகத்தைக் கடந்து, டோங் கோய் சாலையில் இறங்கி, பழைய நகராட்சி மாளிகையில் முடித்தேன். டோங் கோய் சாலை பிரெஞ்சுக் காலத்தில் கத்தினா தெரு. நான் சொல்லவரும் நிகழ்ச்சிகளில் பல நடந்தது இந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான்.

1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் வாசித்துக்கொண்டிருந்த நாளில், சைகோனிலும் பெரும் ஊர்வலம் நடந்தது. அது பேராலயத்தின் அருகே வந்தபோது எங்கிருந்தோ துப்பாக்கி வெடித்தது. சுட்டது யார் என்ற கேள்வி இன்றுவரை தீரவில்லை. கூட்டம் சிதறியது, பிரெஞ்சுக்காரர்கள் தாக்கப்பட்டார்கள், ஒரு பாதிரியார் உள்பட இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அந்த நாளிலிருந்து நகரத்தின் பிரெஞ்சுக் குடும்பங்கள் அச்சத்தில் வாழ்ந்தன. வியட்நாமியருக்கோ, பிரெஞ்சு ஆட்சி எந்த நேரத்திலும் திரும்பக்கூடும் என்ற அச்சம்.

செப்டம்பர் 13ஆம் தேதி டான் சோன் ங்ஹட் விமானத் தளத்தில் வந்திறங்கியவர் மேஜர் ஜெனரல் டக்ளஸ் கிரேசி. இம்பாலிலும் பர்மாவிலும் போரிட்ட 20ஆவது இந்திய டிவிஷனின் தளபதி. வியட் மின் தலைமையிலான தென்பகுதி நிர்வாகக் குழுவின் பிரதிநிதிகள் அவரை வரவேற்கக் காத்திருந்தார்கள். அவர் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. பல ஆண்டுகள் கழித்து லண்டன் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் வந்து நல்வரவு கூறியது தமக்குச் சங்கடமாக இருந்ததாகவும், உடனே அவர்களை வெளியேற்றிவிட்டதாகவும் அவரே சொன்னார். வெளியேற்றப்பட்டவர்கள் அன்று நகராட்சி மாளிகையில் அமர்ந்து நகரத்தின் குடிநீர், மின்சாரம், காவல் ஆகியவற்றைத் தங்களால் இயன்றவரை நடத்திக்கொண்டிருந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு செயலின் கனம் விளங்கும்.

கிரேசிக்குத் தரப்பட்ட பணி மூன்று: ஜப்பானியரை நிராயுதபாணியாக்குதல், போர்க் கைதிகளையும் சிறைவைக்கப்பட்டவர்களையும் விடுவித்தல், தம் படை இருக்கும் முக்கிய இடங்களில் ஒழுங்கைக் காத்தல். கேட்பதற்கு அரசியல் கலவாத பணிகள்தாம். ஆனால் ஒழுங்கைக் காப்பவர், அதைக் குலைப்பவர் யார் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். செப்டம்பர் நடுவில் வியட்நாமியர் வேலைநிறுத்தத்தில் இறங்கிச் சந்தையை மூடியதும், அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. 21ஆம் தேதி வெளியிட்ட பிரகடனத்தில் கிரேசி, ஊர்வலங்களையும் கூட்டங்களையும் ஆயுதம் வைத்திருப்பதையும் தடைசெய்தார். நாசவேலை செய்பவர்களும் கொள்ளையர்களும் சுட்டுக் கொல்லப்படுவார்கள் என்றார். வியட்நாமியப் பத்திரிகைகளும் முடக்கப்பட்டன. பிரகடனம் தென் இந்தோசீனா முழுமைக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்டிருந்தது. இது தரப்பட்ட அதிகாரத்தை மீறுவது என்று மவுண்ட்பேட்டனே கடிந்துகொண்டார். லண்டனிலிருந்த முப்படைத் தலைவர்கள் கிரேசியின் பக்கம் நின்றார்கள்.

22ஆம் தேதி, மார்ச் மாதம் முதல் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த 11ஆவது பிரெஞ்சுக் குடியேற்றக் காலாட்படையின் வீரர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அவர்கள் கைக்கு ஆயுதமும் வந்தது. மொத்தம் ஏறக்குறைய 1,400 பேர். பாரசூட்டில் வந்திறங்கியிருந்த பிரெஞ்சு ஆணையர் ஜான் செதில் கேட்டுக்கொண்டதை ஏற்று கிரேசி இதற்கு இசைந்தார். 23ஆம் தேதி விடியுமுன் அந்த வீரர்கள் காவல் நிலையங்களையும் கருவூலத்தையும் அஞ்சலகத்தையும் கடைசியாக நகராட்சி மாளிகையையும் பிடித்தார்கள். காலையில் மக்கள் கண்விழித்தபோது மாளிகையின் உச்சியில் பிரெஞ்சு மூவர்ணக் கொடி பறந்தது.

இன்று அந்த மாளிகை மக்கள் குழு அலுவலகம். நான் போன நாளில் உள்ளே செல்ல அனுமதி இல்லை. மஞ்சள் பூச்சும் வெள்ளைச் சிற்ப வேலையுமாக நிற்கும் அதன் முன்னே ங்குயென் ஹுவே நடைபாதைச் சாலை விரிகிறது. ஹோ சி மின் சிலையோடு படம் எடுத்துக்கொள்ளப் பள்ளி மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அன்று காலை இந்தச் சாலைகளில் நடந்தது பெரிய போர் ஒன்றும் அல்ல; காவலிருந்த சில வியட்நாமியர் கொல்லப்பட்டார்கள், குழுவின் தலைவர்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். அதற்குப் பின் நடந்ததைத்தான் யாரும் மறக்கவில்லை. வாரக்கணக்கான அச்சத்திலிருந்து விடுபட்ட பிரெஞ்சுக் குடிமக்கள் தெருவில் இறங்கி, கண்ணில் பட்ட வியட்நாமியரை, பெண்கள் என்றும் பாராமல், அடித்து உதைத்தார்கள். கிரேசியே அதிர்ந்துபோய், பிரெஞ்சு வீரர்களை முகாமுக்குத் திரும்பச் சொன்னார். காலம் கடந்துவிட்டது. அன்று காலையே சோலோன் பகுதியில் ஒரு வீட்டில் கூடிய ட்ரான் வான் ஜாவ் முதலிய வியட் மின் தலைவர்கள் எதிர்ப்புப் போருக்கு அழைப்பு விடுத்திருந்தார்கள்.

24ஆம் தேதி நகரம் முடங்கியது. அன்றிரவு, சித்தே எரோ என்ற குடியிருப்பில் புகுந்த ஆயுதக் கும்பல் சுமார் 150 பிரெஞ்சுக்காரர்களையும் கலப்பினத்தவரையும் கொன்றது. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். இதைச் செய்தவர்கள் பின் சுயென் என்ற சைகோன் குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த ஜப்பானியக் காவலர்கள் தடுக்கவில்லை. 23ஆம் தேதிக் கொடுமையை மட்டும் சொல்லி 24ஆம் தேதியை மறைப்பது அந்த இரவில் இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. ஒன்றிலிருந்து மற்றொன்று ஒரே நாளில் முளைத்தது என்பதுதான் இந்த நகரத்தின் துயரம்.

26ஆம் தேதி, அமெரிக்க உளவுப் பிரிவின் லெப்டினன்ட் கர்னல் பீட்டர் டூயி, ஜீப்பில் போகும்போது ஒரு சாலைத் தடுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜீப்பில் அமெரிக்கக் கொடி கட்டிக்கொள்ள கிரேசி அவருக்கு அனுமதி மறுத்திருந்தார். வியட்நாமியர் அவரைப் பிரெஞ்சுக்காரர் என்று எண்ணிச் சுட்டிருக்கலாம். கொச்சின்சீனா (தென் வியட்நாமுக்குப் பிரெஞ்சுக்காரர் வழங்கிய பெயர்) எரிகிறது, பிரெஞ்சுக்காரரும் பிரிட்டிஷாரும் இங்கே முடிந்துபோனார்கள், நாம் தென்கிழக்காசியாவை விட்டு வெளியேறுவதே நல்லது என்று தம் அறிக்கையில் எழுதியவர் அவர். அவரது உடல் கிடைக்கவே இல்லை.

சைகோன், புதன்

நேற்று எழுதியதில் இந்தியர்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் சொல்லவில்லை. இன்று அதற்காகவே ஒதுக்கினேன்.

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ரூவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும்தான். கட்டுக்கட்டாக ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். கருவறையைச் சுற்றி வந்து, பின்புறக் கருங்கல் சுவரில் நெற்றியைப் பதித்து, உதடு அசைய வேண்டுதலைச் சொல்கிறார்கள். பல கைகளும் நெற்றிகளும் பட்டுக் கல் அந்த இடத்தில் மெருகேறியிருக்கிறது. சற்றுத் தொலைவில் தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில். சைகோன் லேவாதேவி என்ற சொல்லைச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் கேட்கலாம்; மேகாங் கழிமுகத்தின் நெல்வயல்களை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்த கடைகள் அவை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்து வயல்கள் கைமாறியபோது, கடன்பட்ட விவசாயியின் கசப்பு அந்தக் கடைகளின் மீதும் படிந்தது. அதோடு, புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு சுங்கத்திலும் காவல்துறையிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்த தமிழர்களும் இங்கே இருந்தார்கள். குடியேற்ற ஆட்சி என்ற ஏணியின் நடுப்படியில் நின்றவர்கள் நம்மவர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இதே சைகோனிலிருந்துதான் 1945 ஆகஸ்ட் 17 அன்று சுபாஷ் சந்திர போஸ் ஜப்பானிய விமானத்தில் கிளம்பினார். இரவு டூரானில் தங்கி, மறுநாள் தைபே சென்ற அந்த விமானம் அங்கே விபத்துக்குள்ளானது. பிரிட்டிஷாரை இந்தியாவிலிருந்து விரட்ட எண்ணியவர் கடந்துசென்ற நகரத்துக்கு, நான்கு வாரங்கூட ஆகாமல், பிரிட்டிஷாரின் இந்தியப் படை வந்து சேர்ந்தது.

20ஆவது டிவிஷன் 1942இல் பெங்களூரில் உருவாக்கப்பட்டு, இலங்கையில் பயிற்சி பெற்றது. சைகோனுக்கு வந்தவர்கள் கூர்க்காக்கள், டோக்ராக்கள், பஞ்சாபியர், ஜாட்டுகள், எல்லைப்புறத்துப் பதான்கள், ஹைதராபாத் படைப்பிரிவினர் முதலியோர். சண்டை மூண்ட நாள்களில் நகரத்தில் அவர்கள் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. தெற்கில் இருந்த ஜப்பானியரோ ஐம்பதாயிரத்துக்கும் மேல். அதனால்தான் மிக வினோதமான ஒரு ஏற்பாடு உருவானது. நிராயுதபாணியாக்க வந்த படை, யாரிடம் ஆயுதத்தை வாங்க வேண்டுமோ அவர்களிடமே அதை விட்டுவைத்து, வியட்நாமியருக்கு எதிராகக் காவலுக்கும் தாக்குதலுக்கும் அனுப்பியது. அக்டோபர் 5 அன்று பிரெஞ்சுப் படைத் தளபதி ஜெனரல் லெக்லெர்க் வந்து சேர்ந்தார். 9ஆம் தேதி, தெற்கின் சிவில் நிர்வாகம் பிரான்சுக்கே உரியது என்று லண்டனில் ஒப்பந்தம் ஆனது. அதன் பிறகு பியென் ஹோவா, து தாவ் மோட் போன்ற சுற்றுவட்டாரங்களைக் ‘கிளியர்’ செய்யும் பணி நடந்தது. நண்பனையும் பகைவனையும் பிரித்தறிவது கடினம், ஆகவே கைவசமுள்ள முழு வலிமையையும் எப்போதும் பயன்படுத்துங்கள் என்ற பொருள்பட ஒரு படைப்பிரிவு அக்டோபர் இறுதியில் உத்தரவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து இதே வயல்களில் அமெரிக்கர்கள் அந்தச் சிக்கலை அப்படியே சந்தித்தார்கள்.

நேரு இதைக் கடுமையாகக் கண்டித்தார். நம்மைப் போலவே விடுதலைக்காகப் போராடும் நண்பர்களுக்கு எதிராக, பிரிட்டனின் அழுக்கு வேலையைச் செய்ய இந்திய வீரர்கள் பயன்படுத்தப்படுவதைக் கோபத்தோடும் அவமானத்தோடும் கையறுநிலையோடும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். அந்தக் கையறுநிலை உண்மையானது. இந்தியப் படையை எங்கே அனுப்புவது என்று கேட்க அன்று இந்தியருக்கு உரிமை இல்லை. இம்பாலில் உயிரைப் பணயம் வைத்துப் போரிட்ட ஒரு ஜாட் விவசாயியின் மகன், போர் முடிந்தது என்று ஊருக்குக் கடிதம் எழுதிய கையோடு, தனக்கு எந்தப் பகையும் இல்லாத ஒரு விவசாயியின் மீது மேகாங் சமவெளியில் குறிவைக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ், இந்திய வீரர்களில் சுமார் 40 பேர் இங்கே இறந்தார்கள். அவர்களுக்கான ஒரு நடுகல்லைக்கூட நான் இந்த நகரத்தில் காணவில்லை. வியட்நாமியர் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. வரலாற்று நூல்களில் அவர்கள் ‘ஆங்கில–இந்தியப் படை’ என்ற பெயரில் எதிரியின் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

1946 ஜனவரி 28 அன்று கிரேசி புறப்பட்டார். பின்னர் பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைத் தளபதியானவர் இவரேதான். அவர் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் என்று நான் நினைக்கவில்லை. தம் வீரர்கள் மீது அக்கறை கொண்டவர் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். காவ் தாய், ஹோவா ஹாவ், பின் சுயென் என்று பல ஆயுதக் குழுக்கள் உலவிய நகரத்தில் சிறு படையோடு வந்து மாட்டிக்கொண்டவர் அவர் என்பதும் மெய். ஆனாலும் அவர் ஒரு முறைகூட அந்த நிர்வாகக் குழுவை எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பார்க்க விரும்பவில்லை என்பது என் மனத்தை விட்டு அகலவில்லை.

தா நாங், வெள்ளி

இரவு ரயிலில் வந்து சேர்ந்தேன். போஸ் இரவு தங்கிய டூரான்தான் இன்றைய தா நாங். நகரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சமவெளியில் திடீரென்று எழும்பி நிற்கும் பளிங்கு மலைகளுக்குக் கிராப் வாடகைப் பைக்கில் போனேன். கைபேசி வரைபடத்தில் பார்த்தால், 16 பாகை அட்சக்கோடு இந்த மலைகளை உரசிக்கொண்டு செல்கிறது. தரையில் எந்த அடையாளமும் இல்லை. அடிவாரமெங்கும் கல் சிற்பக் கடைகள்; அறுவை இயந்திரத்தின் ஓசையும் வெள்ளைத் தூசியும். நாட்டை வடக்கு, தெற்கு என்று பிரிக்க 1954இல் ஜெனீவாவில் போடப்பட்ட 17ஆவது அட்சக்கோட்டுக்கு அருங்காட்சியகமும் பாலமும் கொடிக்கம்பமும் உண்டு. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே நாட்டை இரு விதிகளாகப் பிரித்த கோட்டைத் தேடி இங்கே யாரும் வருவதில்லை.

ஹுவே, சனி

ஹாய் வான் கணவாய் ரயில் பாதை அழகானது. அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள்.

ஹுவே கோட்டையின் ங்கோ மோன் வாயிலின் மேல்மாடத்தில்தான் 1945 ஆகஸ்ட் 30 அன்று பாவோ தாய் முடிதுறந்து, அரச முத்திரையையும் வாளையும் வியட் மின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். அடிமை நாட்டின் மன்னனாக இருப்பதைவிடச் சுதந்திர நாட்டின் குடிமகனாக இருப்பதே மேல் என்று அவர் சொன்னது, ஹனோய் அரசுக்குப் பழைய அரசமரபின் வழியாகவும் ஓர் உரிமையைத் தந்தது. ஆனால் இதே ஹுவேயில் அடுத்த சில நாள்களில், முன்னாள் அமைச்சரும் அறிஞருமான ஃபாம் குயின், பின்னாளில் தென் வியட்நாமின் அதிபரான ங்கோ தின் சியெமின் அண்ணன் ங்கோ தின் கோய் ஆகியோரை வியட் மின் ஆள்கள் கொண்டுசென்று கொன்றார்கள். ஒரு தரப்பை மட்டும் வெள்ளையடித்து எழுதினால், பின்னால் வந்த உள்நாட்டுப் பகைமையின் வேர் தெரியாமல் போய்விடும்.

ஹனோய், திங்கள்

ஹாங் ங்காங் தெரு 48ஆம் எண் வீடு, பழைய நகரின் துணிக்கடைகளுக்கு நடுவே அடையாளம் தெரியாமல் இருக்கிறது. ட்ரின் வான் போ என்ற செல்வந்தத் துணி வியாபாரியின் வீடு இது. 1945 ஆகஸ்ட் இறுதியில் ஹோ சி மின் இதன் மாடியில் தங்கித்தான் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளோடு தொடங்கி, பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமை அறிக்கையையும் சேர்த்துக்கொண்ட ஆவணம் அது. ஆள வருபவர்களின் நூல்களிலிருந்தே வாதத்தை எடுத்து அவர்கள் முன் வைத்தார்.

அந்தப் பிரகடனத்தில் பஞ்சத்தைப் பற்றிய வரி ஒன்று உண்டு. இன்று பிற்பகல் கிம் ங்குவு தெருவின் ஒரு சந்துக்குள் இருக்கும் பஞ்ச நினைவிடத்தைத் தேடிப் போனேன். 1944–45 குளிர்காலத்தில் வடக்கே நெல் விளைச்சல் குறைந்தது. இருந்த நெல்லையும் ஜப்பானியருக்காகப் பிரெஞ்சு நிர்வாகம் கட்டாயமாகக் கொள்முதல் செய்தது. வயல்களில் சணல் பயிரிட வைத்தார்கள். தெற்கிலிருந்து அரிசி கொண்டுவர வேண்டிய ரயில் பாதைகளை அமெரிக்க விமானங்கள் குண்டு வீசித் தகர்த்தன. இறந்தவர்கள் 4 லட்சம் முதல் 20 லட்சம் வரை என்று மதிப்பீடுகள் மாறுபடுகின்றன. பிரகடனம் சொன்னது 20 லட்சம். நெல் கிடங்குகளை உடைத்து அரிசியைப் பங்கிட்டதால்தான் வியட் மின் கிராமங்களில் வேர்கொண்டது. ஹனோய் அரசு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இந்தச் சந்திலிருந்து தொடங்க வேண்டும்.

வடக்கே வந்த சீன ஆக்கிரமிப்பு வேறு வகையானது. யுன்னானிலிருந்து லூ ஹான் தலைமையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் செப்டம்பரில் இறங்கிவந்தார்கள். பட்டினியிலிருந்து அப்போதுதான் மீண்ட நாட்டின் தலையில் அத்தனை பேருக்குச் சோறு போடும் பாரம் விழுந்தது. தாங்களே உயர்த்தி நிர்ணயித்த மாற்று விகிதத்தில் சீனப் பணத்தைச் செலாவணியாக்கி, கடைகளையும் நிலங்களையும் மலிவாக வாங்கினார்கள். பகிரங்கமான கொள்ளையும் நடந்தது. ஆனால் லூ ஹானுக்குப் பிரான்சின் மீது அன்பு இல்லை. சான்தெனி என்ற பிரெஞ்சுப் பிரதிநிதி ஹனோய்க்கு வந்தும், ஆட்சியை அவரிடம் தர யாரும் முன்வரவில்லை. ஹோ அரசை லூ ஹான் இடத்திலேயே விட்டுவைத்தார். அந்த இடைவெளியை ஹோ விடாமல் பற்றிக்கொண்டார். ‘தங்க வாரம்’ என்று அறிவித்து மக்களிடமிருந்து சுமார் 370 கிலோ தங்கம் திரட்டினார்கள். சீனத் தளபதிகளுக்குப் பரிசுகள் போயின. நவம்பரில் இந்தோசீனக் கம்யூனிஸ்ட் கட்சியைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார்கள். 1946 ஜனவரி 6 அன்று பொதுத் தேர்தலும் நடத்தி, சீனர் ஆதரித்த கட்சிகளுக்கு 70 இடங்களைப் போட்டியின்றி ஒதுக்கினார்கள்.

தெற்கிலும் வடக்கிலும் ஆகஸ்டில் ஆட்சியைப் பிடித்தது ஒரே இயக்கம். தெற்கில் அதற்குக் கிடைத்தது ஒரு மாதங்கூட இல்லை. வடக்கில் ஓராண்டுக்கு மேல். ராணுவம் திரட்டவும் எழுத்தறிவு வகுப்பு நடத்தவும் கிராமக் குழுக்களை நாட்டவும் அந்த ஓராண்டு போதுமானதாக இருந்தது. தன் பைகளை நிரப்பிக்கொள்ள வந்த ஊழல் படை ஒரு தேசத்துக்கு மூச்சுவிட இடம் தந்தது. ஒழுங்கான, கட்டுப்பாடு மிக்க படை அந்த மூச்சை நிறுத்தப் பார்த்தது. கோட்டின் இருபுறமும் நடந்துவந்த பிறகு இந்த முரணை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

சீனரும் சும்மா வெளியேறவில்லை. 1946 பிப்ரவரி 28 அன்று சுங்கிங்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், சீனாவில் தனக்கிருந்த பழைய சலுகைகளைப் பிரான்ஸ் விட்டுக்கொடுக்க, அதற்கு ஈடாகச் சீனா வட வியட்நாமிலிருந்து விலகச் சம்மதித்தது. ஹோவுக்கு வேறு வழி இருக்கவில்லை. மார்ச் 6 அன்று சான்தெனியோடு கையெழுத்திட்டார். தனக்கென அரசும் நாடாளுமன்றமும் படையும் நிதியும் கொண்ட ‘சுதந்திர நாடு’ என்று வியட்நாமைப் பிரான்ஸ் ஏற்கும், ஆனால் அது பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் இருக்கும். 15,000 பிரெஞ்சு வீரர்கள் வடக்கே வருவார்கள், ஐந்தாண்டில் படிப்படியாக விலகுவார்கள். தெற்கு நாட்டோடு சேர்வதா என்பதை மக்கள் வாக்கெடுப்பு முடிவு செய்யும். இந்தத் தாளில் போரைத் தவிர்க்கும் வழி ஒன்று உண்மையாகவே இருந்தது. பிரான்சின் உயர் ஆணையர் தார்ஜான்லியூ, ஜூன் 1 அன்று சைகோனில் ‘கொச்சின்சீனக் குடியரசு’ ஒன்றைத் தனியாக அறிவித்து அந்த வழியை அடைத்தார். அந்தச் சமயம் ஹோ பேச்சுவார்த்தைக்காகப் பாரிசுக்குப் பயணப்பட்டிருந்தார்.

ஹாய்ஃபோங், புதன்

ஹனோயின் லாங் பியென் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். நெல்வயல், வாத்துக் குளம், தொழிற்பேட்டை என்று மாறிமாறி வந்தன. ஹாய்ஃபோங் துறைமுக நகரம். நாடக அரங்கின் முன்னுள்ள சதுக்கத்திலிருந்து தாம் பாக் ஆற்றங்கரை வரை நடந்தேன். வண்ணம் உதிர்ந்த பழைய வீடுகளின் தரைத்தளங்களில் இரும்புக் கடைகளும் கயிற்றுக் கடைகளும் இன்றும் இயங்குகின்றன.

சுங்கவரி வசூலிப்பது யார் என்ற தகராறுதான் இங்கே போராக மாறியது. வியட்நாம் தன் நிதியைத் தானே நிர்வகிக்கலாம் என்று மார்ச் ஒப்பந்தம் சொல்லியிருந்தும், துறைமுகச் சுங்கத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சுங்கம் இல்லாமல் ஹனோய் அரசுக்கு வருமானம் ஏது? 1946 நவம்பர் 20 அன்று, கடத்தல் சரக்கு ஏற்றிய ஒரு சீனப் படகைப் பிரெஞ்சு ரோந்துப் படகு பிடித்தது. வியட்நாமியப் படையினர் குறுக்கிட்டார்கள். துப்பாக்கிச் சூடு நகரமெங்கும் பரவியது. மறுநாள் உள்ளூர் அதிகாரிகள் பேசிச் சண்டையை நிறுத்திவிட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் சைகோனிலிருந்த பிரெஞ்சு ஜெனரல் வாலுயி, இதைப் பயன்படுத்திக் கடுமையான பாடம் புகட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். 23ஆம் தேதி காலை கர்னல் தெப், சீனர் குடியிருப்பையும் சில பகுதிகளையும் இரண்டு மணி நேரத்துக்குள் காலிசெய்ய வேண்டும் என்று கெடு விதித்தார். கெடு முடிந்ததும் பீரங்கிகளும், ‘சுஃப்ரேன்’ போர்க்கப்பலும், விமானங்களும் நகரத்தின் மீது சுட்டன. இறந்தவர்கள் 6,000 பேர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் எண்ணிக்கை. அதை மிகை என்பவர்களும் உண்டு. பலர் நகரத்தை விட்டுச் சாலையில் தப்பியோடிக்கொண்டிருந்தபோது மாண்டவர்கள்.

ஆற்றங்கரையில் நின்று பார்க்கும்போது அந்த ‘இரண்டு மணி நேரம்’ என்னை வதைத்தது. குறுகிய தெருக்கள், மாடிக்கு மாடி குடும்பங்கள், முதியவர்கள், கைக்குழந்தைகள். அவர்களுக்கு யார் போய்ச் சொன்னார்கள், எத்தனை பேரால் எழுந்து நடக்க முடிந்தது?

ஹனோய், வெள்ளி

நகரத்தின் தென்மேற்கே பட்டு நெசவுக்குப் பேர்போன வான் ஃபுக் இருக்கிறது. அங்கே ஒரு மாடி வீட்டில்தான் 1946 டிசம்பரில் நாடு தழுவிய எதிர்ப்புப் போருக்கான அறைகூவலை ஹோ எழுதினார். நாம் விட்டுக்கொடுத்தோம், விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்க அவர்கள் மேலும் மேலும் வந்தார்கள் என்பது அதன் சாரம். மூன்று மாதம் முன்பு பாரிசில் மிகக் குறைந்த ஓர் இடைக்கால உடன்பாட்டுக்குக் கையெழுத்திட்டு வெறுங்கையோடு திரும்பியவர், இதை மிகையாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 19 இரவு 8 மணியளவில் யென் ஃபு மின் நிலையம் தகர்க்கப்பட்டு, ஹனோய் இருண்டது. அதுவே அடையாளம். போதிய துப்பாக்கிகள் இல்லாத இளைஞர்கள் வீட்டுச் சுவர்களைத் துளைத்து வீட்டுக்கு வீடு வழிசெய்துகொண்டு, கட்டில்களையும் மேசைகளையும் தெருவில் அடுக்கிப் பழைய நகரத்தில் இரண்டு மாதம் போரிட்டார்கள். ஹாங் தாவ் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரிலுள்ள பூங்காவில் அவர்களுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. மூன்று கூர் கொண்ட, கம்பில் பொருத்திய குண்டை டாங்கியின் மீது பாய்ச்சச் சாய்ந்து நிற்கிறான் ஒரு வீரன். அந்தக் குண்டு வெடித்தால் ஏந்தியவனும் பிழைப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரப் பெண்மணி தன் வண்டியைச் சின்னத்தின் நிழலில் நிறுத்திவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்தார்.

1947 பிப்ரவரி நடுவில் டோங் சுவான் சந்தையில் கடைகளின் மேடைகளுக்கு இடையே கைகலப்புச் சண்டை நடந்தது. 17ஆம் தேதி இரவு, எஞ்சிய வீரர்கள் பிரெஞ்சுக் காவல் இருந்த லாங் பியென் பாலத்தின் அடியில் நுழைந்து, செந்நதியைக் கடந்து வெளியேறினார்கள். அதற்குள் 20ஆவது டிவிஷன் தாயகம் திரும்பிக் கலைக்கப்பட்டிருந்தது. லூ ஹான் யுன்னான் சென்றுவிட்டிருந்தார். அடுத்த மாதம் தார்ஜான்லியூவும் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். பிரெஞ்சுப் படை 1954 மே 7 அன்று தியென் பியென் ஃபூவில் தோற்கும்வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் போர் நீடித்தது.